மழைக்கு முன்னால் படத்தைத் திருப்பிப் பாருங்கள்: வீட்டு ஓவியங்களை ஈரத்திலிருந்தும் பூஞ்சையிலிருந்தும் காக்க ஒரு முழு வழிகாட்டி

ஒரு ஆவணி மாதம் வீட்டுக்கு வெள்ளையடித்தோம். கூடத்தில் மாட்டியிருந்த தஞ்சாவூர் வெண்ணெய்த்தாழிக் கிருஷ்ணனை இறக்கி, தூசி படக்கூடாதே என்று பெரிய பிளாஸ்டிக் கவரில் போட்டு, மேலே பெட்ஷீட் சுற்றி, சணல் கயிற்றால் கட்டி, பரணில் ஏற்றிவிட்டேன். வேலை முடிந்தபின் மறந்தும் போனேன். தைக்குத்தான் ஞாபகம் வந்து இறக்கினோம். முன்பக்கம் கிருஷ்ணன் அப்படியே சிரித்துக்கொண்டிருந்தான். ஆனால் கவரைப் பிரித்தபோதே ஒரு பழைய கிணற்று வாசனை. திருப்பிப் பார்த்தால் பின்பலகை முழுக்கச் சாம்பல் பச்சையில் வட்டம் வட்டமாகப் பூசணம், யாரோ கோலமாவைச் சிந்தி ஊதிவிட்ட மாதிரி.

பிரேம் கடைக்காரர் பார்த்ததும், "கவர் போட்டதுதான் சார் தப்பு. சும்மா வேட்டியில சுத்தி வச்சிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது," என்றார். அன்றிலிருந்து இந்த விஷயத்தில் கொஞ்சம் பைத்தியமாகவே ஆகிவிட்டேன். நாம் எல்லோரும் படத்தின் முகத்தைத்தான் துடைக்கிறோம், பார்க்கிறோம். ஈரம் வருவதோ பெரும்பாலும் முதுகுப் பக்கமாக. கீழே சொல்லும் எல்லாப் படிகளுக்கும் இதுதான் அடிப்படை.

பூஞ்சைக்கு என்ன வேண்டும்?

பூஞ்சை வித்துகள் காற்றில் எப்போதும் இருக்கின்றன. எவ்வளவு துடைத்தாலும் அவற்றை வீட்டை விட்டு அனுப்ப முடியாது. உணவும் ஈரமும் சேர்ந்து கிடைக்கிற இடத்தில் முளைத்துவிடும். உணவை நாமே படத்துக்குள் வைத்திருக்கிறோம். தஞ்சாவூர் ஓவியத்தைப் பலகைப் படம் என்றே முன்பு சொன்னார்கள். மரப்பலகை, அதன்மேல் ஒட்டிய துணி, புளியங்கொட்டைப் பசை, பிசின் கலந்த சுண்ணப்பொடி மக்கு, அதன்மேல் தங்க ரேக்கு என்று அடுக்கடுக்காக இருக்கும். தங்கத்தையும் கற்களையும் விட்டால் மற்றதெல்லாம் பூஞ்சைக்கு விருந்து. நீர்வண்ண ஓவியத்தில் காகிதமும், வண்ணத்தைப் பிடித்து வைக்கும் பிசினும். எண்ணெய் ஓவியத்தில் கேன்வாஸின் பின்பக்கத் துணி. அக்ரிலிக்கில் உணவு குறைவுதான், ஆனால் அதன்மேல் படிந்த தூசியே போதும்.

உணவை எடுக்க முடியாது. மிச்சம் ஈரம் ஒன்றுதான் நம் கையில் இருக்கிறது. காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம், 70-ஐத் தாண்டினால் வேகம் இன்னும் கூடும். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் வருடத்தில் பாதி நாள் காலையில் வெளிக்காற்றே 70-க்கு மேல்தான். அருங்காட்சியகங்கள் 50 சதவீதத்தை ஒட்டி வைத்திருக்கப் பார்க்கும். வீட்டில் அதற்கு ஆசைப்பட வேண்டாம். 60-க்குக் கீழே, அதிகம் ஏறி இறங்காமல் இருந்தால் போதும். ஏறி இறங்குவதும் கெடுதல்தான். பலகை உப்பிச் சுருங்கும்போது அதோடு சேர்ந்து நீளத் தெரியாத மக்கும் வண்ணமும் வெடிக்கும்.

முதல் படி: அளந்து பாருங்கள்

"எங்க வீட்ல ஈரமெல்லாம் இல்லை" என்பது ஓர் அபிப்பிராயம், அவ்வளவுதான். சில நூறு ரூபாய்க்கு டிஜிட்டல் ஈரப்பதமானி கிடைக்கிறது. வாங்கியவுடன் அதை நம்பாதீர்கள், ஒரு சோதனை வையுங்கள். சோடா பாட்டில் மூடி ஒன்றில் சாப்பாட்டு உப்பைப் போட்டு, சில சொட்டுத் தண்ணீர் விட்டு, ஈர மணல் பதத்துக்குக் குழையுங்கள். உப்பு முழுக்கக் கரையக் கூடாது. அந்த மூடியையும் மானியையும் ஒன்றோடொன்று தொடாதபடி ஜிப் பைக்குள் வைத்து, காற்றுப் புகாமல் மூடி, ஓர் இரவு விட்டுவிடுங்கள். காலையில் மானி 75 காட்ட வேண்டும். உப்புக் குழம்பின்மேல் அடைபட்ட காற்று எப்போதும் அந்த அளவுக்குத்தான் வந்து நிற்கும். என்னுடையது 69 காட்டியது. அதனால் அது எதைக் காட்டினாலும் ஆறு கூட்டிக்கொள்கிறேன்.

அப்புறம் அதை மேசையில் வைத்து அழகு பார்க்காமல், படம் இருக்கும் இடத்திலேயே வையுங்கள். பிரேமுக்குப் பின்னால், பீரோவுக்குள், பரணில், ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று நாள். காலையும் இரவும் எழுதிக்கொள்ளுங்கள். ஒரே வீட்டுக்குள் கூடத்தின் நடுவில் 62, மேற்குச் சுவரை ஒட்டி 74 என்று வரும்போதுதான் சங்கதி புரியும்.

காரணம் எளிது. 30 டிகிரியில் 60 சதவீத ஈரப்பதத்தோடு இருக்கும் காற்று, மழையில் நனைந்து 24 டிகிரிக்குக் குளிர்ந்த சுவரை ஒட்டும்போது ஏறக்குறைய 85 சதவீதமாகிவிடும். தண்ணீர் கூடவில்லை, காற்று குளிர்ந்ததுதான். படத்தின் முதுகு இருப்பது அந்த இடத்தில்.

இரண்டாம் படி: சுவரையும் இடத்தையும் தேர்ந்தெடுப்பது

வீட்டின் உட்சுவர்தான் நல்ல சுவர், இரண்டு பக்கமும் அறை இருக்கும் சுவர். மழை அடிக்கும் வெளிச்சுவர், குளியலறைக்கு முதுகு காட்டும் சுவர், தண்ணீர்க் குழாய் ஓடும் சுவர் மூன்றும் வேண்டாம். தரையிலிருந்து ஓதம் ஏறிப் பெயிண்ட் உப்பிக்கொண்டு வரும் சுவரில் எவ்வளவு மேலே மாட்டினாலும் நிம்மதி இல்லை. புதிதாகப் பூசிய சுவரும் வாரக்கணக்கில் ஈரத்தைக் கக்கும், அதுவரை பொறுத்திருங்கள்.

எந்தச் சுவரானாலும் பிரேம் அதில் அப்பிக்கொண்டிருக்கக் கூடாது. நான்கு மூலைகளிலும் பின்னால் கார்க் துண்டு ஒட்டுங்கள். ஒரு விரல் அகலம் இடைவெளி இருந்தால் காற்று மேலும் கீழும் ஓடும். பத்து ரூபாய்ச் செலவு. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள்.

கழற்றி வைப்பதென்றால் பரண் சரிப்படாது. மொட்டைமாடிக்குக் கீழே இருப்பதால் பகலில் அடுப்பு, மழையில் கசிவு. கட்டிலுக்கு அடியும் வேண்டாம், வீடு துடைக்கிற தண்ணீர் போவது அங்கேதான். படுக்கையறையின் உட்சுவரை ஒட்டிய அலமாரி நல்லது. அலமாரியையும் சுவரிலிருந்து மூன்று நான்கு அங்குலம் தள்ளி வையுங்கள். தரையில் சாய்க்கிறீர்கள் என்றால் கீழே மரக்கட்டையோ செங்கல்லோ போட்டு அரை அடியாவது உயர்த்துங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த சென்னைக்காரர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டுக்குள் ஈரத்தை உண்டாக்குவதும் நாம்தான். மழைக்காலத்தில் துணி காயாது என்று கூடத்தில் கொடி கட்டி, மின்விசிறி போட்டு உலர்த்துவோம். ஒரு வாளித் துணியிலிருந்து போன தண்ணீர் எங்கே போயிருக்கும்? படம் இருக்கும் அறையில் மட்டும் துணி காயப்போடாதீர்கள்.

ஏசி அறை பாதுகாப்பா?

பாதி உண்மை. ஏசி ஓடும்வரை ஈரம் குறையும். இரவில் போட்டுக் காலையில் அணைத்து, ஜன்னலைத் திறந்துவிட்டால் கதை மாறும். வெளியே 30 டிகிரி, 75 சதவீத ஈரப்பதம் என்றால், 25 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருக்கும் எந்தப் பொருளின் மேலும் வியர்வை கட்டும். ஏசி காரிலிருந்து இறங்கியதும் மூக்குக் கண்ணாடி மூடுபனியாகுமே, அதேதான் படத்தின் கண்ணாடிக்கு உள்பக்கமும் நடக்கும். ஏசியை அணைத்தபின் ஒரு மணி நேரம் ஜன்னலைத் திறக்காமல் அறை தானாகச் சூடேற விடுங்கள். ஏசி காற்று நேராகப் படும் இடத்தில் படம் வேண்டாம். விலையுயர்ந்த படங்கள் நாலைந்து இருந்தால், ஏசியை நாள் முழுக்க ஓட்டுவதைவிட ஈரமுறிஞ்சி இயந்திரம் ஒன்று வாங்குவது புத்திசாலித்தனம். அதன் தொட்டியில் ஒரே இரவில் சேரும் தண்ணீரைப் பார்த்தால் மிரண்டுவிடுவீர்கள்.

மூன்றாம் படி: பூஜையறைப் படங்கள்

பிரேம் கடைகளுக்குப் பழுதாகி வரும் சாமிப் படங்களில் ஒரு ஒற்றுமை உண்டு: கீழ்ச்சட்டம்தான் முதலில் போகிறது. காரணம் பூமாலை. கடையில் தண்ணீர் தெளித்துத் தருகிற மாலையை அப்படியே பிரேமில் தொங்கவிடுகிறோம். சொட்டும் நீர் கண்ணாடி வழியே இறங்கிக் கீழ்ச்சட்டத்தின் பள்ளத்தில் போய்த் தங்குகிறது. தினமும் ஒரு ஸ்பூன் தண்ணீர் ஊற்றுவதற்குச் சமம். அப்புறம் கண்ணாடியில் வைக்கிற சந்தனம், குங்குமம், அதைத் துடைக்க ஈரத்துணி. விளக்குப் புகையின் எண்ணெய்ப் பிசுக்கு தூசியைப் பிடித்து வைக்கும், அந்தத் தூசி ஈரத்தைப் பிடித்து வைக்கும்.

மாலை போடாதீர்கள் என்று சொன்னால் அம்மா அடிக்க வருவார். நான் கண்டுபிடித்த சமாதானம் இது: படத்துக்கு மேலே தனியாக இரண்டு ஆணி, அதிலிருந்து மாலை, படத்தைத் தொடாமல் சற்று முன்தள்ளி. சந்தனப் பொட்டு பிரேமின் மரத்தில், கண்ணாடியில் இல்லை. விளக்கு இரண்டடி தள்ளி. உண்மையிலேயே பழைய, விலைமதிப்பான படம் என்றால் அதைக் கூடத்துக்கு மாற்றிவிட்டுப் பூஜைக்கு வேறு படம் வைப்பதே மேல்.

நான்காம் படி: பிரேமுக்குள் என்ன இருக்கிறது?

கண்ணாடி ஓவியத்தைத் தொடக்கூடாது. நீர்வண்ணம், பழைய அச்சுப்படம், மக்கு உயர்ந்து நிற்கும் தஞ்சாவூர்ப் படம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். இடையில் மவுண்ட் அட்டையோ ஓரத்தில் மெல்லிய சட்டமோ கொடுத்து இடைவெளி விடச் சொல்லுங்கள். கடைக்காரர் பின்னால் வைக்கும் பழுப்பு ஹார்ட்போர்டு ஈரத்தைக் குடிக்கும், அமிலமும் கக்கும். நான் கடையில் கேட்டு வாங்கிப் போடுவது சன்பேக் ஷீட், விளம்பரப் பலகைக்காரர்கள் பயன்படுத்தும், உள்ளே வரிவரியாகக் குழல் ஓடும் பாலிபுரோப்பிலீன் தகடு. பெயர் ஒன்றுபோல் இருக்கும் சன்போர்டு வேறு, அது வேண்டாம். கேன்வாஸ் படங்களுக்கும் முதுகில் இதே தகட்டைச் சட்டத்தோடு திருகிவிட்டால் தூசி, பல்லி, ஈரத்தின் திடீர் ஏற்ற இறக்கம் எல்லாம் குறையும்.

பழைய ரவி வர்மா அச்சுப்படங்கள் பல வீடுகளில் இன்னும் இருக்கின்றன. 1894-இல் பம்பாயில் தொடங்கிய அவருடைய அச்சகத்திலிருந்து இந்தியா முழுக்கப் பரவியவை. காகிதத்தின்மேல் வார்னிஷ் பூசியவை என்பதால் ஈரத்தில் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டியிருந்தால் இழுத்துப் பார்க்கவே கூடாது. லட்சுமியின் முகம் கண்ணாடியோடு வந்துவிடும். பிரேமோடு அப்படியே நிபுணரிடம் கொண்டுபோங்கள்.

ஐந்தாம் படி: கட்டி வைக்கும் முறை

நல்ல வெயில் அடிக்கும், காற்று உலர்ந்த நாளாகப் பார்த்துக் கட்டுங்கள். மழை நாளில் கட்டினால் மழையையும் உள்ளே வைத்துக் கட்டுகிறீர்கள். அதற்கு முன் ஒரு நாள் முழுக்கப் படத்தை உலர்ந்த அறையில் நிழலில் நிறுத்துங்கள். மிருதுவான, நீர் படாத தூரிகையால் முன்னும் பின்னும் தூசி தட்டுங்கள். வண்ணம் உதிர்கிறது என்றால் தூரிகையும் வேண்டாம்.

முதல் சுற்று துணி: பழைய மல் வேட்டி அல்லது காடா. புதுத்துணி என்றால் கஞ்சி போக இரண்டு முறை துவைத்துக் காயவையுங்கள், கஞ்சியும் பூஞ்சைக்குச் சாப்பாடுதான். காகித ஓவியங்களுக்கு அமிலமில்லாத டிஷ்யூ தாள். செய்தித்தாள் கூடாது. பபிள் ரேப்பின் குமிழ்கள் எண்ணெய் வண்ணத்தில் வட்டவட்டமாகத் தடம் பதிக்கும், படத்தின் முகத்தில் அதைப் போடாதீர்கள். பிளாஸ்டிக் கவரில் இறுகச் சுற்றுவதைப் பற்றி என் கிருஷ்ணனே சொல்லிவிட்டான். இடம் மாற்றும் ஓரிரு நாளுக்கு மட்டும் பிளாஸ்டிக், போய்ச் சேர்ந்ததும் பிரித்துவிட வேண்டும்.

கேன்வாஸும் பலகையும் நின்றபடிதான் இருக்க வேண்டும், புத்தகம் அடுக்குவதுபோல. முகத்தோடு முகம், முதுகோடு முதுகு, ஒவ்வொன்றுக்கும் நடுவில் படத்தைவிடப் பெரிய அட்டை. இல்லையென்றால் ஒன்றின் ஆணி அடுத்ததன் கேன்வாஸைக் குத்தும். காகித ஓவியங்கள் மட்டும் படுக்கையாக, பெட்டிக்குள். புதிதாக வரைந்த எண்ணெய் ஓவியத்தைக் கட்டவே வேண்டாம். தொட்டால் காய்ந்தமாதிரி இருக்கும், உள்ளே காய ஆறு மாதம் முதல் ஒரு வருடம் ஆகும். இன்னொன்று: ஆளி எண்ணெயில் வரைந்த படம் இருட்டில் நெடுநாள் கிடந்தால் லேசாக மஞ்சளிக்கும். பதறவேண்டாம், நேர்வெயில் படாத வெளிச்சத்தில் சில வாரம் வைத்தால் பெருமளவு தெளிந்துவிடும்.

சிலிக்கா ஜெல், பாச்சை உருண்டை, வசம்பு

சிலிக்கா ஜெல் இறுக மூடும் பெட்டிக்குள் மட்டும்தான் வேலை செய்யும். திறந்த அலமாரியில் வைத்தால் ஊர்க் காற்றையெல்லாம் உலர்த்தப் பார்த்து இரண்டே நாளில் களைத்துவிடும். செருப்புப் பெட்டியில் வருகிற குட்டிப் பொட்டலமும் உதவாது. 100 லிட்டர் பெட்டிக்கு ஒரு கிலோவாவது வேண்டும், துணிப்பையில், படத்தைத் தொடாமல். நிறம் மாறும் வகையை வாங்குங்கள். நீலம் வெளிர்சிவப்பாகும் வகையில் கோபால்ட் இருக்கிறது, நச்சு. ஆரஞ்சு நிறம் பச்சையாகும் வகை தேவலை. நிறம் மாறியதும் 110 முதல் 120 டிகிரி ஓவனில் இரண்டு மூன்று மணி நேரம் காயவைத்தால் மறுபடி தயார். சமையல் பாத்திரத்தில் வைக்காதீர்கள். பெட்டிக்குள் ஈரப்பதமானியும் இருக்கட்டும். 45-க்குக் கீழே போனால் கொஞ்சம் ஜெல்லை எடுத்துவிடுங்கள், பலகைக்கு அதிக வறட்சியும் ஆகாது.

பாச்சை உருண்டை பூஞ்சையைத் தடுக்காது. அதன் ஆவி படத்துக்கும் நல்லதல்ல, மூச்சுக்கும் நல்லதல்ல. வசம்பு, வேப்பிலைப் பொட்டலம் ராமபாணத்தையும் கரப்பானையும் தள்ளி வைக்க உதவலாம், படத்தின்மேல் படாமல் ஓரத்தில் வையுங்கள். ஈரத்துக்கு அவை மருந்தில்லை.

ஆறாம் படி: எப்போது பார்க்க வேண்டும்?

ஐப்பசியில் அடைமழை என்பார்கள். அதனால் புரட்டாசிக் கடைசியில் ஒருமுறை, மழை முடிந்து தையில் ஒருமுறை எல்லாப் படங்களையும் இறக்கித் திருப்பிப் பாருங்கள். மழை நாட்களில் வாரம் ஒருமுறை டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்துப் பாருங்கள். நேராக அடித்தால் தெரியாத மெல்லிய வெள்ளைப் படலமும் உப்பலும் சாய்ந்த வெளிச்சத்தில் நிழலோடு தெரியும். மூக்கையும் நம்புங்கள், பெரும்பாலும் கண்ணுக்கு முன்னால் மூக்குக்குத்தான் தெரியும். பார்த்த தேதியைப் பின்தகட்டில் பென்சிலால் எழுதுங்கள், கேன்வாஸின் முதுகில் எழுதாதீர்கள்.

பூஞ்சை வந்தேவிட்டது, என்ன செய்வது?

முதலில் செய்யக்கூடாதது: ஈரத்துணி, டெட்டால், பிளீச்சிங், வினிகர், நல்லெண்ணெய், உச்சிவெயில். ஈரத்துணி வித்துகளை வண்ணத்துக்குள் தேய்த்துவிடும். வெயில் பலகையை வளைத்து வண்ணத்தை வெளுக்கவைக்கும்.

படத்தை மற்றவற்றிடமிருந்து பிரித்து, 50 சதவீதத்தை ஒட்டிய உலர்ந்த அறையில் ஒன்றிரண்டு வாரம் நிறுத்துங்கள். மின்விசிறியை நேராகத் திருப்பாதீர்கள், வித்துகள் வீடெங்கும் பறக்கும். உயிரோடிருக்கும் பூஞ்சை பிசுபிசுப்பாக இழுபடும். உலர்ந்து அடங்கியது பொடியாக இருக்கும். பொடியான பிறகுதான் கை வைக்க வேண்டும். என்-95 முகக்கவசம், கையுறை போட்டுக்கொண்டு, பால்கனியில், பிரேமின் மரத்தையும் பின்பலகையையும் மட்டும் மிருதுவான தூரிகையால் தட்டுங்கள். நுண்துகளையும் பிடிக்கும் ஹெபா வடிகட்டி உள்ள வாக்குவம் இருந்தால் அதன் வாயைப் பக்கத்தில் பிடித்து, தட்டுவதை அதற்குள் போகவிடுங்கள். பின்பலகை சாதாரண ஹார்ட்போர்டு என்றால் மாற்றிவிடுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலையில் இறங்கவே வேண்டாம்.

வண்ணப் பரப்பிலேயே வந்துவிட்டதென்றால் அது நம் வேலை அல்ல. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930 முதலே வேதியியல் பாதுகாப்புப் பிரிவு இருக்கிறது. லக்னோவில் பண்பாட்டுச் சொத்துகளைப் பாதுகாப்பதற்கான மத்திய அரசின் தேசிய ஆராய்ச்சிக்கூடமும் உண்டு. அங்கே கேட்டால் யாரிடம் போகலாம் என்றாவது தெரியும். "டச் அப் பண்ணித் தர்றேன்" என்று உடனே பெயிண்ட் டப்பாவைத் திறப்பவரிடம் கொடுக்காதீர்கள்.

படமே நனைந்துவிட்டால்

48 மணி நேரத்துக்குள் பூஞ்சை முளைக்கத் தொடங்கிவிடும், ஆனாலும் அவசரமாக உலர்த்துவது அதைவிட மோசம். 1966 நவம்பரில் இத்தாலியின் ஆர்னோ ஆறு ஃபிளாரன்ஸ் நகரத்துக்குள் புகுந்தபோது நனைந்த மரப்பலகை ஓவியங்களை வெயிலில் போடவில்லை. எலுமிச்சை மரங்களைக் குளிர்காலத்தில் காக்கும் பெரிய கூடம் ஒன்றில் வைத்து, ஈரப்பதத்தை மிக மெதுவாக இறக்கிக்கொண்டே வந்தார்கள். பலகை சட்டென்று சுருங்கினால் மேலிருக்கும் வண்ணம் செதில் செதிலாக எழுந்துவிடும் என்பதுதான் பயம். அதே வெள்ளத்தில் நனைந்த, இத்தாலிய ஓவியர் வசாரியின் இறுதி இராவுணவு ஓவியம் முழுதாகச் சீராகி மறுபடி மாட்டப்பட்டது 2016-இல்.

நம் பலாப்பலகைக்கும் அதே நியாயம்தான். நனைந்த தஞ்சாவூர்ப் படத்தை முகம் மேலே பார்க்கப் படுக்கவையுங்கள். மக்கு ஊறி மாவாக இருக்கும், தங்க ரேக்கின் பக்கம் விரலே போகக்கூடாது. தண்ணீர் வடிய வேண்டுமானால் பலகையின் ஓரத்தில் மட்டும் உறிஞ்சும் துணி வையுங்கள். கேன்வாஸ் என்றால் சட்டத்திலிருந்து கழற்றாதீர்கள், கழற்றினால் சுருங்கிவிடும். நனைந்த நீர்வண்ணத்தை இரண்டு கையால் தூக்கினால் கிழியும், அடியில் ஒரு பிளாஸ்டிக் தாளை நுழைத்து அதோடு தூக்குங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் செல்போனில் முன்பக்கம், பின்பக்கம், நான்கு ஓரம் என்று புகைப்படம் எடுத்துவிடுங்கள். சீர்செய்ய வருபவர் முதலில் கேட்பது அதைத்தான், காப்பீடு இருந்தால் அவர்களும் கேட்பார்கள். உதிர்ந்து விழுந்த துணுக்கு, கல், ரேக்குத் துண்டு எதையும் பெருக்கித் தள்ளாமல் ஒரு தீப்பெட்டியில் போட்டு, எந்த மூலையில் விழுந்தது என்று மேலே எழுதி வையுங்கள்.